கண்ணுக்குள் ஊசிக்குப் பதிலாக நெய் சிகிச்சை செய்துபார்க்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. 16 வருடமாகச் சர்க்கரை, கூடவே ரத்தக் கொதிப்பு. இரண்டு மாதமாக இடது கண்ணில் எழுத்தெல்லாம் நெளிந்து தெரிகிறது என்றார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறது, முதலில் மாதம் ஒன்றாக மூன்று ஊசி கண்ணுக்குள் போடவேண்டும், வலது கண்ணில் புது ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன, அதற்கு லேசர் என்று சொல்லிவிட்டார்கள். ஊசி என்றதும் அப்பா மாட்டவே மாட்டேன் என்கிறார். அவரோடு வேலை பார்த்த ஒருவருக்கு (அவருக்கு 42 வயது, சர்க்கரை எல்லாம் இல்லை) இதே மாதிரி நீர் கோத்து, ஊசியே இல்லாமல் ஆயுர்வேதத்தில் மூன்று மாதத்தில் சரியாகிவிட்டதாம். அவர் சொல்லி ஒரு பொடியும் வரவழைத்தாகிவிட்டது. மூன்று மாதம் நெய் சிகிச்சை செய்துபார்த்துவிட்டு, சரியாகாவிட்டால் ஊசிக்குப் போகலாமா? இன்னொன்று, என் சித்தி மகனுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்காவது ஆயுர்வேதத்தில் வழி உண்டா?

பதில்: நான் ஆயுர்வேதம் படித்தவன், அதிலும் கண், காது, மூக்கு, தலை நோய்களுக்கான சாலாக்கியப் பிரிவைத்தான் எடுத்துப் படித்தேன், நெய் சிகிச்சை நானே செய்கிறேன். அதனால் நான் சொல்வதை 'அவர் ஆங்கில மருத்துவத்துக்காரர், அப்படித்தான் சொல்வார்' என்று உங்கள் அப்பா தள்ளிவிட முடியாது. மூன்று மாதம் தள்ளிப்போடாதீர்கள். ஊசியும் லேசரும் முதலில். ஆயுர்வேதம் கூடவே வரட்டும், எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று கீழே சொல்கிறேன்.

அந்த 42 வயதுக்காரரின் கதையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் எல்லா முடிவும் அவரை வைத்துத்தான் நடக்கிறது. அவருடைய ஸ்கேனை நான் பார்க்கவில்லை, ஆனாலும் சர்க்கரை இல்லாத, நாற்பதைத் தாண்டிய ஆணுக்கு ஒரு கண்ணில் நடுவில் நீர் கோத்து மூன்று மாதத்தில் வற்றிவிட்டது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சென்ட்ரல் சீரஸ் என்று சொல்கிற வேறொரு நோய். மன அழுத்தம், தூக்கமின்மை, ஸ்டீராய்டு மருந்து இவற்றோடு தொடர்புள்ளது. அது பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தானாகவே வற்றிவிடும், கண் மருத்துவர்களே பல சமயம் ஒன்றும் செய்யாமல் காத்திருக்கத்தான் சொல்வார்கள். அந்த மூன்று மாதத்தில் கஷாயம் குடித்திருந்தால் கஷாயத்துக்குப் பெயர், விரதம் இருந்திருந்தால் விரதத்துக்குப் பெயர். என்னிடமே அப்படி வந்து குணமாகி என்னைப் புகழ்ந்துவிட்டுப் போனவர்கள் உண்டு, அந்தப் புகழை நான் வாங்கிக்கொண்டதும் உண்டு, என்ன செய்ய.

உங்கள் அப்பாவின் கண்ணில் நடப்பது அதுவே இல்லை. பல வருடச் சர்க்கரையில் விழித்திரையின் நுண்குழாய்களின் சுவர் பலமிழந்து, அங்கங்கே பொட்டு பொட்டாக உப்பி, ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிகிறது. கசிவு நடுப்பகுதியான மாகுலாவில் தேங்கும்போதுதான் நேர்க்கோடு நெளிகிறது, எழுத்து கலைகிறது. வலது கண்ணில் கதை இன்னும் ஒரு படி முன்னே போயிருக்கிறது. குழாய்கள் அடைபட்டதால் பட்டினி கிடக்கிற விழித்திரை, புதுக் குழாய்களை முளைக்கச் சொல்லி ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. அப்படி முளைப்பவை நல்ல குழாய்கள் இல்லை, இற்றுப்போன நூல் மாதிரி. ஒரு நாள் அறுந்து கண்ணுக்குள் ரத்தம் நிறையும், அல்லது தழும்பாகி விழித்திரையைப் பிடித்து இழுத்துப் பிரித்துவிடும். ஊசியில் போகிற மருந்து அந்த வேதிப்பொருளைத்தான் கட்டிப்போடுகிறது. லேசர், பட்டினி கிடக்கும் ஓரப்பகுதியின் தேவையைக் குறைத்து அந்தச் சுரப்பை அடக்குகிறது. 1976 இல் வெளியான அமெரிக்க ஆய்விலேயே, இந்த லேசர் கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கும் மேல் குறைத்தது தெரிந்துவிட்டது. ஆயுர்வேதத்திலோ, ஊசியையும் லேசரையும் தள்ளிவைக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு கிடையாது. இருந்தால் முதல் ஆளாக நானே சொல்லியிருப்பேன்.

விழித்திரை நரம்புத் திசு. இறந்த செல் இறந்ததுதான், தோல் மாதிரி திரும்ப வளராது. நடுவில் நீர் மாதக்கணக்கில் தேங்கி நின்றால், பிறகு நீர் வற்றினாலும் பார்வை முழுசாகத் திரும்பாமல் போகலாம். மூன்று மாதம் பார்த்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்கிற கணக்கு இங்கேதான் தப்பாகிறது.

சரி, நூல்கள் என்ன சொல்கின்றன? ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்றான சுசுருத சம்ஹிதையின் கடைசிப் பகுதி உத்தர தந்திரம், அது கண்ணில்தான் தொடங்குகிறது, முதல் 19 அத்தியாயங்களும் கண்ணுக்கே, 76 கண் நோய்கள். திமிரம் என்ற பார்வை மங்கலை அது வர்ணிக்கிற விதத்தை மாணவனாக முதலில் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. தோஷம் (கெட்டுப்போன வாதம், பித்தம், கபம்) கண்ணின் இரண்டாம் படலத்துக்கு, அதாவது அடுக்குக்குப் போனால் கண் முன்னால் ஈ, கொசு, முடி, வலை போன்றவை தெரியும், எவ்வளவு முயன்றாலும் ஊசியின் காது தெரியாது. மூன்றாம் படலத்தில் முகம் தெரியும், ஆனால் அதில் காதும் மூக்கும் கண்ணும் சரியாக இருக்காது. மாகுலா நோயாளி ஒருவர் இன்று என் எதிரே உட்கார்ந்து 'உங்க முகம் தெரியுது டாக்டர், மூக்கு கண்ணெல்லாம் கலங்கலா இருக்கு' என்று சொல்லும்போது அந்த சுலோகம்தான் ஞாபகம் வரும். ஆனால் அதை வைத்துக்கொண்டு 'டயாபடிக் ரெட்டினோபதியை (சர்க்கரையால் வரும் விழித்திரை நோயை) அன்றே சொல்லிவிட்டார்கள்' என்று பேசுவது நூலுக்கும் மரியாதை இல்லை. உயிருள்ள மனிதனின் விழித்திரையை நேரில் பார்க்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் செய்ததே 1851 இல்தான். அதற்கு முன்னால் எந்த நாட்டு வைத்தியருக்கும் கண் பாப்பாவுக்குள்ளே இருட்டுத்தான். அவர்கள் நோயாளி சொன்னதைக் கேட்டு, வெளியே தெரிந்ததைப் பார்த்து வகைப்படுத்தினார்கள், அதனால் திமிரம் என்ற ஒரே பெயருக்குள் கண்ணாடி போட்டால் சரியாகிற மங்கல், புரை, விழித்திரை நோய் எல்லாமே கலந்து கிடக்கும்.

இந்தக் கலப்படம் என்னையே ஒரு முறை ஏமாற்றியிருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் கண் முன்னால் திடீரென்று கொசுக்கூட்டம் பறக்கிறது, ஓரத்தில் மின்னல் அடிக்கிறது என்று வந்தார். இரண்டாம் படலத்து வர்ணனை அப்படியே பொருந்தியதில் எனக்கு ஒரே உற்சாகம், கஷாயம் எழுதி அனுப்பினேன். பத்து நாளில் அரைக் கண்ணுக்குத் திரை விழுந்துவிட்டது. விழித்திரை கிழிந்து, கிழிசல் வழியாக நீர் புகுந்து மொத்தமாகப் பிரிந்திருந்தது. கிழிசல் மட்டும் இருந்த அந்த முதல் நாளில் லேசரால் அடைத்திருக்கலாம். அறுவை சிகிச்சை நடந்தது, பழைய பார்வை வரவில்லை. அதற்குப் பிறகு, கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்த்த அறிக்கை கையில் இல்லாமல் யாருக்கும் நான் கண் மருந்து எழுதுவதில்லை. திடீரென்று கூடும் பூச்சிகள், மின்னல், திரை, வலியே இல்லாமல் சட்டென்று இருளும் பார்வை இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் ஓடவேண்டும், என்னிடம் இல்லை.

நூலில் உங்கள் அப்பாவுக்கு நேரடியாகப் பொருந்துகிற வரி ஒன்று இருக்கிறது, ஆனால் அது நெய்யைப் பற்றியது இல்லை. அதே உத்தர தந்திரத்தின் முதல் அத்தியாயத்தில், கண் நோய்களின் காரணங்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில், சுசுருதர் 'சங்க்ஷேபத: க்ரியாயோகோ நிதான பரிவர்ஜனம்' என்கிறார். சுருங்கச் சொன்னால் சிகிச்சை என்பது காரணத்தை விலக்குவது. உங்கள் அப்பாவுக்குக் காரணம் சர்க்கரை, அப்புறம் ரத்தக் கொதிப்பு. கொதிப்பை யாரும் கண்ணோடு சேர்த்து யோசிப்பதே இல்லை. 1998 இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளில் ரத்த அழுத்தத்தை இறுக்கிப் பிடித்தவர்களுக்குப் பார்வை குறையும் அபாயம் மற்றவர்களைவிட 47 சதவீதம் குறைந்தது. எந்த நெய்யிலும் இப்படி ஒரு எண்ணை நான் பார்த்ததில்லை. அப்பாவின் கொதிப்பு மாத்திரையை யாராவது 'அது கெமிக்கல், விட்டுவிடுங்கள்' என்று சொன்னால் அந்த ஆளிடமிருந்து அவரைக் காப்பாற்றுங்கள்.

சர்க்கரையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பயந்துபோய் ஒரே மாதத்தில் தடாலென்று இறக்கினால், அதிலும் ஏற்கெனவே விழித்திரை கெட்டிருப்பவர்களுக்கு, ஆரம்பத்தில் கண் கொஞ்சம் மோசமாகலாம். கட்டுப்பாடு வேண்டாம் என்று அர்த்தம் இல்லை, நீண்ட கால லாபம் கட்டுப்பாட்டில்தான். சர்க்கரை மருத்துவரும் கண் மருத்துவரும் ஒருவருக்கொருவர் தெரிந்து, படிப்படியாக இறக்கவேண்டும். இதில் நீங்கள் யாருக்கும் சொல்லாமல் சிறுகுறிஞ்சான், பாகல் பொடி என்று சேர்த்தால் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய் மயங்கி விழுவார்.

இப்போது நெய் சிகிச்சை. நாங்கள் இதை நேத்திர தர்ப்பணம் என்போம், தர்ப்பணம் என்றால் இங்கே நிறைவடையச் செய்வது, வேறெதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். படுக்கவைத்து, கண்ணைச் சுற்றி உளுந்து மாவில் வரப்பு கட்டி, மருந்து சேர்த்துக் காய்ச்சிய நெய்யை இளஞ்சூட்டில் ஊற்றி, அதற்குள் மெல்லக் கண்ணைத் திறந்து மூடச் சொல்வோம். அஷ்டாங்க ஹிருதயம் என்ற நூலை எழுதிய வாக்படர் நோயின் இடத்துக்கு ஏற்ப நேரம் குறித்திருக்கிறார், இமையில் நோய் என்றால் 100 மாத்திரை, பார்வைப் பகுதியில் என்றால் 800 மாத்திரை. ஒரு மாத்திரை என்பது ஒரு கண்ணிமைப்பு. கண் வறட்சிக்கும், நாள் முழுக்கத் திரையைப் பார்த்து எரிகிற கண்ணுக்கும் இது தருகிற சுகத்தை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் கண்ணின் மேற்பரப்பில் வைக்கிற ஒன்று பின்புறத்து விழித்திரைக்குப் போய்ச் சேருவது மிகக் கடினம். சொட்டு மருந்துகளுக்கே அந்தக் கஷ்டம் இருப்பதால்தானே ஊசியை உள்ளேயே போடுகிறார்கள்? அதோடு, வைத்தியசாலை நெய் எவ்வளவு சுத்தமாகக் காய்ச்சினாலும் அறுவை அறை மருந்தைப் போலக் கிருமி நீக்கியது ஆகாது. ஊசி போட்ட கண்ணில் நுண்ணிய துளை இருக்கிறது. அதனால் அப்பாவின் ஊசித் தொடர் முடியும்வரை தர்ப்பணப் பேச்சே வேண்டாம், அதற்குப் பிறகும் அவருடைய கண் மருத்துவர் சரி என்று சொன்னால் மட்டும், அதுவும் வறட்சிக்காக. திரிபலா தண்ணீரில் கண் கழுவுவது, தேன் விடுவது, இலைச்சாறு பிழிவது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான், இன்னும் கொஞ்சம் உரத்த குரலில்.

வலது கண்ணில் புதுக் குழாய்கள் இருப்பதால் இன்னும் சிலவற்றைத் தவிர்க்கவேண்டும். வாந்தி எடுக்கவைக்கும் வமனம், மூக்கில் விட்டுத் தும்மித் தும்மித் தலை அதிரவைக்கும் காரமான நசியம், தலைகீழாக நிற்கும் ஆசனங்கள், மூச்சை அடக்கி முக்குவது இவை எல்லாம் தலைப்பக்கம் அழுத்தத்தை ஏற்றும், இற்ற குழாய் அறுந்துவிடலாம். விரேசனம் என்கிற பேதிக்குக் கொடுக்கும் சிகிச்சையையும் இப்போது நான் செய்யமாட்டேன், உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம்தான் அடிவாங்கும். விழித்திரையில் குழாய் கெட்டவருக்குச் சிறுநீரகத்திலும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம், இரண்டு இடத்திலும் நுண்குழாய்கள்தான். சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்தீர்களா? கடிதத்தில் இல்லை.

அந்தப் பொடிக்கு வருகிறேன். மேலே பெயர் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை என்றால் தூக்கிப்போடுங்கள், வாங்கிவிட்டோமே என்று பார்க்காதீர்கள். 2008 இல் இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. எங்கள் துறைக்கு வலித்த உண்மை, ஆனால் உண்மை. சிறுநீரகம் சந்தேகத்தில் இருக்கும் ஒருவருக்கு பாதரசம் சேர்ந்த எதையும் நான் கொடுக்கமாட்டேன். பெயரில்லாப் பொடிகளில் இன்னொரு பயம் ஸ்டீராய்டு. சாப்பிட்ட வாரத்திலேயே உடம்பு லேசாக, பசி நன்றாக, 'அடடா என்ன மருந்து' என்று தோன்றும், உள்ளே சர்க்கரையும் கண் அழுத்தமும் ஏறிக்கொண்டிருக்கும். பெயர் தெரிந்த நல்ல மருந்திலும் கவனம் வேண்டும். கண்ணுக்கான எங்கள் மருந்துகள் பலவற்றில், சப்தாம்ருத லோஹம் உட்பட, அதிமதுரம் இருக்கிறது. அது ரத்தக் கொதிப்பை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். உங்கள் அப்பாவுக்குத் தினமும் வேண்டாம்.

அப்படியானால் நான் என்னதான் கொடுப்பேன்? ஆச்சரியப்படும் அளவுக்குக் கொஞ்சம். கிரியாட்டினின் சரியாக இருந்து, மலச்சிக்கலும் இருந்தால், இரவில் சிறிதளவு திரிபலா, முக்காமல் போவதே அவர் கண்ணுக்கு உதவி. 'இரவில் தேனும் நெய்யும் சேர்த்துத் திரிபலா, கண்ணுக்குப் பலம்' என்று அஷ்டாங்க ஹிருதயம் சொல்கிறது, ஆனால் அப்பாவுக்குத் தேன் கிடையாது, வெந்நீரில் போதும். பேதி மாதிரி போனால் நிறுத்திவிட வேண்டும். தூக்கம் கெட்டிருந்தால் அதைச் சரிசெய்வேன், இரவு விழிப்பும் பகல் தூக்கமும் சுசுருதரின் காரணப் பட்டியலிலேயே இருக்கின்றன. புகை பிடிப்பவர் என்றால் அதை நிறுத்தும்வரை வேறு எதையும் பேசவேமாட்டேன். அப்புறம் பாதம். பாதத்தின் நடுவிலிருந்து இரண்டு பெரிய சிரைகள் கண்ணுக்குப் போகின்றன, அதனால் பாதத்தில் எண்ணெய் தேய்ப்பதும் செருப்பு அணிவதும் கண்ணைக் காக்கும் என்கிறார் வாக்படர். அப்படி ஒரு சிரை உடற்கூற்றில் கிடையாது. இருந்தாலும் 16 வருடச் சர்க்கரைக்காரரின் பாதத்தை வீட்டில் யாரோ ஒருவர் தினமும் இரவில் தொட்டு, விரலிடுக்கு ஈரமாகாமல் மெல்ல எண்ணெய் தடவி, புண்ணோ கொப்புளமோ இருக்கிறதா என்று பார்ப்பது எவ்வளவு நல்ல காரியம்! சூடான ஒத்தடம் மட்டும் வேண்டாம், சுடுவது அவருக்குத் தெரியாமல் போகலாம்.

சித்தி மகன் விஷயம். இது பரம்பரை மரபணுக் கோளாறு, ஒளியை உணரும் செல்கள் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல அழிகின்றன. மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரலும் திப்பிலியும் சுசுருதர் சொன்ன மருந்து, வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது உண்மையிலேயே கேட்கும், ஆனால் இவருடைய மாலைக்கண் அந்த வகை இல்லை. வைட்டமின் ஏ மாத்திரையைத் தானாக அதிக அளவில் எடுக்கவும் கூடாது, சில மரபணு வகைகளில் கெடுதல். நோய் வருடக்கணக்கில் மெதுவாக நகர்வதால் 'எங்கள் சிகிச்சையில் நின்றுவிட்டது' என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், வருடா வருடம் எடுத்த பார்வைப் புல சோதனையைக் காட்டச் சொல்லுங்கள். மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். ஆர்பிஈ65 என்ற ஒரு மரபணுவில் கோளாறு என்றால் அதற்கு மட்டும் 2017 இல் அமெரிக்காவில் மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. இந்த நோயிலும் இடையில் புரை வரும், மாகுலாவில் நீர் கோக்கும், இரண்டையும் சரிசெய்ய முடியும், அதனால் 'ஒன்றும் செய்யமுடியாது' என்று கண் மருத்துவரை விட்டுவிடக் கூடாது.

கடைசியாக, அப்பாவின் பயம். அதை வீண் பயம் என்று சொல்லாதீர்கள், கண்ணுக்குள் ஊசி என்றால் எனக்கும் வயிறு கலங்கும். அவரை உட்காரவைத்து நடப்பதை அப்படியே சொல்லுங்கள். முதலில் மரத்துப்போகச் சொட்டு மருந்து. அயோடின் மருந்தால் கழுவுவார்கள், அது கொஞ்சம் கரிக்கும். ஊசி கருவிழியில் இறங்காது, அதன் ஓரத்திலிருந்து 3.5, 4 மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதியில் இறங்கும். முடியிழை மாதிரி மெல்லியது, உள்ளே போகும் மருந்து பெரும்பாலும் 0.05 மில்லி, அதாவது ஒரு துளி. ஊசி உள்ளே இருப்பது சில விநாடி. நேராக எதிரே வருவதை அவர் பார்க்கப்போவதில்லை, வேறு பக்கம் பார்க்கச் சொல்லிவிடுவார்கள். ஆபத்து உண்டா என்று கேட்டால், சில ஆயிரம் ஊசிக்கு ஒன்று என்ற கணக்கில் உள்ளே கிருமி தொற்றும், அடுத்த சில நாளில் வலி, சிவப்பு, பார்வை மேலும் மங்கல் வந்தால் இரவானாலும் உடனே போகவேண்டும். மூன்று ஊசியோடு முடிந்துவிடும் என்று மட்டும் அவரிடம் சத்தியம் செய்யாதீர்கள், பலருக்கு முதல் வருடத்தில் இன்னும் சில தேவைப்படும், பிறகு ஏமாற்றிவிட்டீர்கள் என்று நிறுத்திவிடுவார்.

முதல் ஊசி முடிந்த பிறகு எழுதுங்கள். அதோடு விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் அறிக்கை, மூன்று மாத சர்க்கரை சராசரி, கிரியாட்டினின், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா என்பது, இவ்வளவும் வேண்டும். அதைப் பார்த்துத்தான் திரிபலாவே கொடுக்கலாமா என்று சொல்வேன்.